குடை மேசையில் இருந்தால் கேட்கக்கூடாது

எங்கள் கம்பெனி பஸ்ஸில் பிரிஜட் ஏறிவிட்டால் பிறகு யாருக்கும் தூக்கம் கிடையாது. சிராங்கூன் ரோட்டில் ஏறுவோம். ஜூரோங் போய்ச் சேரும்வரை அவள் வாய் ஓயாது. தேக்கா மார்க்கெட்டில் மீன்காரனோடு போட்ட பேரம், பூசை நடுவில் பாதிரியாருக்கு வந்த தும்மல், மகள் ரூபி கேட்ட ஏதோ ஒரு விவகாரமான கேள்வி, புருஷன் ஆம்ப்ரோஸ் சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் மத்தியானம்வரை அப்படியே இருந்தது, எல்லாம் வரும். மலாய்க்காரப் பெண்களுக்கு மலாயில் ஒரு தரம், சீனப் பெண்களுக்குக் கையும் முகமுமாக ஒரு தரம் சொல்வாள். மூன்றாவது தரமும் நாங்கள் சிரிப்போம்.

நான் மங்களம். தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. டிவி பெட்டிக்குள் போகிற பச்சைப் பலகையில் சின்னச்சின்ன உறுப்புகளைப் பொருத்தி ஈயம் வைக்கிற வேலை. இருவருக்கும் முப்பது தாண்டியிருந்தது. வீடும் பக்கம்தான். அவள் பஃபலோ ரோட்டு அடுக்குமாடியில், நான் ரேஸ்கோர்ஸ் ரோட்டில்.

அவள் வாய் மூடி நான் பார்த்தது ஒரே ஒரு விஷயத்தில். பஸ்ஸில் யாராவது தங்கள் பள்ளிக்கூடக் கதையை எடுத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வெயில் கண்ணில் அடிக்கிறதாக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம், சரியாகப் படிக்காமல் வேலைக்கு வந்தவர்களுக்காக அரசாங்கம் மாலை வகுப்பு ஆரம்பித்தது. இங்கிலீஷும் கணக்கும். எங்கள் சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். முதல் கட்டம் பாஸ் செய்தால் செக்கிங் பிரிவுக்குப் போகலாம். அங்கே ஈயப் புகை கிடையாது. செய்து முடித்த பலகையைச் சரிபார்த்து, தப்பு இருந்தால் இங்கிலீஷில் எழுதி ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அந்தப் புகையில் தினமும் தலைவலி. உடனே பெயர் கொடுத்துவிட்டேன்.

“பிரிஜட்டு, நீயும் வா. ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்.”

“ஆமா, இந்த வயசுல ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு,” என்று சிரித்தாள். ஆனால் அவள் பெயரையும் நான் சேர்த்துக் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

வகுப்பு நடந்தது சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்தில். பகலில் சின்னப் பிள்ளைகள் படிக்கும் இடம். முதல் நாள் பிரிஜட் கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டி, பவுடர் பூசி வந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். கேட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அப்போது பார்த்து மணி அடித்தது. என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கை மீன் கழுவிய கை மாதிரி சில்லென்று இருந்தது.

“மங்களம், நீ போய் இடம் பிடி. நான் டாய்லெட் போயிட்டு வந்துர்றேன்.”

பக்கத்து நாற்காலியில் பையை வைத்துக் காத்திருந்தேன். வகுப்பு முடிகிறவரை அவள் வரவில்லை.

மறுநாள் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பஸ் முழுக்க அமைதி. எல்லோரும் தூங்கினார்கள். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவளாகவே என் வீட்டுக்கு வந்தாள். வீட்டில் ஆள் இருந்ததால் தேக்கா உணவுக்கடைக்குப் போனோம். டீயை வாங்கி வைத்துக்கொண்டு, ஆறி ஏடு படிகிறவரை குடிக்காமல் இருந்தாள். பிறகு சொன்னாள்.

அவள் பிறந்தது செம்பவாங்கில். அப்பாவுக்குக் கப்பல்படைத் தளத்தில் கூலி வேலை. அங்கிருந்த தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தாள். கெட்டிக்காரி என்றுதான் பெயர். பிறகு குடும்பம் டவுனுக்கு வந்தது. பிள்ளை பெரிய ஆளாக வரட்டும் என்று அப்பா அவளை இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தார். அங்கே யார் என்ன பேசுகிறார்கள் என்றே அவளுக்குப் புரியவில்லை. தினமும் எழுப்பி வாசிக்கச் சொல்வார்களாம். வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்குமாம். தப்பாக வாசித்தால் நாற்காலி மேல் ஏறி நிற்க வேண்டும்.

“காலையில எழுந்திரிச்சதும் வயித்தைப் புரட்டும். வீட்டுக்குப் பின்னாடி சாக்கடைகிட்டப் போய் வாந்தி எடுத்துட்டுத்தான் யூனிஃபார்ம் போடுவேன். அம்மா இஞ்சிக் கசாயம் வச்சுக் கொடுத்தாங்க. பூச்சி மருந்து கொடுத்தாங்க. என்ன ஏதுன்னு யாரும் கேக்கலை. எனக்கும் சொல்லத் தெரியலை.”

ஆறாம் வகுப்புப் பரீட்சை அன்று பெரிய ஹாலில் உட்கார வைத்தார்கள். கேள்வித்தாளைத் திருப்பினாள். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. அந்தத் தாள் மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். யாரோ சிரித்தார்கள். எழுந்து நடந்தவள் ஹாலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, வீட்டுக்கே வந்துவிட்டாள். அதன் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. கொஞ்ச நாளில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அனுப்பினார்.

“அண்ணனுக்குத் தெரியுமா?” என்று ஆம்ப்ரோஸைப் பற்றிக் கேட்டேன்.

“செகண்டரி ரெண்டு வரைக்கும் படிச்சேன்னு பொண்ணு பாக்க வந்தப்பவே எங்க வீட்டுல சொல்லிட்டாங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்.”

“சரி லா. படிக்க விருப்பமில்லைன்னா விட்டுரு. நான் மட்டும் போறேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “விருப்பம் இல்லைன்னா எதுக்குடி பயம் வருது? ரூபி புத்தகத்தை அவ தூங்கின பிறகு எடுத்து எடுத்துப் பாக்குறேன். எனக்கு ஆசை. ஆசையாவும் இருக்கு, வாந்தியும் வருது. என்ன செய்ய?”

அன்றைக்கே ஆம்ப்ரோஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவருக்குத் துறைமுகத்தில் ஸ்டோர் வேலை. இவள் பேசுகிற அளவுக்கு அவர் மௌனம். கேட்டு முடித்துவிட்டு, “நீ எந்தக் கிளாஸுன்னு நான் எப்பக் கேட்டேன்?” என்றாராம். பிறகு, “அடுத்த கிளாஸு என்னைக்கு? நானும் கூட வரேன்,” என்றாராம்.

சொன்ன மாதிரியே வந்தார். ரூபியையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் திடலை ஒட்டி ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. வகுப்பு ஜன்னலிலிருந்து நேராகத் தெரியும். அதில் உட்கார்ந்தார். காவலுக்கு இருந்த பெரியவர் வெளியாட்கள் இருக்கக்கூடாது என்று மலாயில் சொன்னார். ஆம்ப்ரோஸ் ஒரு சிகரெட்டை நீட்டி, மனைவி உள்ளே படிக்கிறாள் என்றார். அதன் பிறகு பெரியவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ரூபி திடலில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு நொண்டி விளையாடினாள்.

பிரிஜட் ஜன்னலோரத்து இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். வகுப்பில் எல்லோரும் எங்களைப் போலத்தான். லாரி ஓட்டுகிற சீனர், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற மலாய்க்கார அம்மா, தையல் தொழிற்சாலைப் பெண்கள். சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் மேசையை முட்ட உட்கார்ந்திருந்தோம். ஆசிரியர் ஒலி முகம்மது எங்களில் பலரைவிடச் சின்னவர். பகலில் வேறு பள்ளியில் வேலை. பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லாததால் அவரும் அடிக்கடி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பாவம், அவருக்கு என்ன தெரியும். வகுப்பு பாதி போனதும் சிரித்த முகமாக, “யெஸ், மேடம், அந்த நீலச் சேலை. ப்ளீஸ் ரீட்,” என்றார்.

பிரிஜட் எழுந்தாள். புத்தகத்தைத் தூக்கினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. புத்தகத்தை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழாயடியில் குனிந்து நின்றாள். ஆம்ப்ரோஸ் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். ரூபி கைக்குட்டையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த வகுப்பன்று மூன்று பேரும் எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் இருந்தார்கள். ஒலி முகம்மது எங்களைப் பார்த்ததும் நேராக வந்தார். தமிழில்தான் பேசினார்.

“அக்கா, அன்னைக்கு உங்களைச் சங்கடப்படுத்திட்டேன். மன்னிச்சுக்குங்க. இனிமே கூப்பிட மாட்டேன்.”

“கூப்பிடாம இருந்தா நான் எப்ப சார் படிக்கிறது?” என்றாள் பிரிஜட்.

இவள் மீன்காரனிடம் பேசுகிற தொனிக்கு வந்துவிட்டாள். “ஒண்ணு செய்வோம். என் குடை மேசை மேல இருந்தா என்னைக் கேக்காதீங்க. கீழ இருந்தா கேளுங்க. கிளாஸுல வேற யாருக்கும் இது தெரிய வேணாம்.”

“சரிக்கா,” என்றார் அவர். சிரிக்கவில்லை. பெரிய ஒப்பந்தத்துக்குத் தலையாட்டுவது போல ஆட்டினார்.

அன்றிலிருந்து அந்தக் கறுப்புக் குடை மேசை மேலேயே கிடந்தது. வகுப்புக்கு வகுப்பு குடையோடுதான் வருவாள், வெயிலானாலும் மழையானாலும். ஒலி முகம்மது கண்ணைச் சுழற்றி ஒவ்வொருவராகப் பார்த்து வருவார், குடையைக் கண்டதும் என்னிடம் தாவிவிடுவார். அவளுடைய பங்கு வாசிப்பும் சேர்த்து எனக்குத்தான் வந்தது.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. வாந்தி வராமல் இருக்க என்னென்னவோ செய்து பார்த்தாள். கடைசியில் சீனர் கடையில் விற்கிற, உப்பும் புளிப்புமாகக் காய வைத்த பழம் ஒன்றை நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டால் வயிறு அடங்குகிறது என்று கண்டுபிடித்தாள். வகுப்பு நடக்கும்போது அவள் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கும். பல்வலி என்று ஒலி முகம்மது நினைத்திருக்க வேண்டும், கிராம்பு எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்.

கம்பெனி பஸ்ஸில் கதை குறைந்தது. புத்தகத்தை மடியில் வைத்து, எஞ்சின் சத்தத்துக்குள் தன் சத்தத்தை மறைத்துக்கொண்டு வாசிப்பாள். நான் தப்பைத் திருத்துவேன். எனக்கே தெரியாத இடத்தில் இருவரும் சேர்ந்து தப்பாக வாசிப்போம்.

வீட்டில் அவள் நடத்திய கூத்தைத்தான் சொல்ல வேண்டும். ஒருநாள் நான் போனபோது அடுப்படியில் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டே பாடத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். எதிரில் ஆம்ப்ரோஸும் ரூபியும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“சிரிங்க,” என்றாள் அவர்களிடம்.

ரூபி உடனே சிரிக்க ஆரம்பித்தாள். ஆம்ப்ரோஸ் மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, “ஹா, ஹா,” என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்.

“என்னடி இது?” என்று கேட்டேன்.

“எனக்கு வாசிக்கிறதுல பயமில்லை மங்களம். சிரிச்சுருவாங்கன்னுதான் பயம். அதான் சிரிக்கச் சொல்லிப் பழகிக்கிறேன். இந்த மனுஷன் ஒழுங்காச் சிரிக்க மாட்டேங்குறாரு.”

“சிரிப்பு வந்தாத்தானே சிரிக்கிறது,” என்றார் ஆம்ப்ரோஸ் பரிதாபமாக. “அவ நல்லாத்தானே வாசிக்கிறா.”

ரூபிக்கு அதற்குள் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. விக்கலைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் ஆம்ப்ரோஸும் நிஜமாகவே சிரித்துவிட்டார். பிரிஜட் ஒரு கையில் கத்தியோடு அந்தப் பக்கத்தை முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

வருஷக் கடைசி மழை ஆரம்பித்தது. ஒரு மாலை கொட்டித் தீர்த்தது. நனைந்த குடைகளை உள்ளே கொண்டுவருவதால் தரை வழுக்குவதாகச் சொல்லி, எல்லாவற்றையும் வெளித் தாழ்வாரத்தில் விரித்து வைக்கச் சொல்லிவிட்டார் காவல் பெரியவர். பிரிஜட்டும் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும் இல்லை.

ஒலி முகம்மது கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தார். எங்கள் மேசையைப் பார்த்தார். குடை இல்லை. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இத்தனை நாள் இதற்காகவே காத்திருந்த மாதிரி, “மேடம் பிரிஜட், ப்ளீஸ்,” என்றார்.

பிரிஜட் என்னைப் பார்த்தாள். எனக்கு விஷயம் உறைத்தது. சார், மழைக்காக வெளியே வைத்திருக்கிறது என்று சொல்லக் கையைத் தூக்கினேன். அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மழை திரை போட்டிருந்தது. பெஞ்சில் யாரும் இல்லை. ஆம்ப்ரோஸும் ரூபியும் தாழ்வாரத்தில் எங்கோ ஒதுங்கியிருக்க வேண்டும்.

எழுந்து நின்றாள். ஒரு தீவில் இருக்கும் தபால்காரரைப் பற்றிய பாடம். முதல் வரி காற்றாகத்தான் வந்தது. இரண்டாவது வரியில் குரல் வந்தது. தீவுக்கான ‘ஐலண்ட்’ என்ற சொல்லை எழுத்துப்படி ‘இஸ்லாண்ட்’ என்று வாசித்தாள். பின் வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார்.

அவள் நிறுத்தினாள். அவள் ஓடவில்லை. வீட்டில் ரூபி சிரிக்கும்போது இடத்தைவிட்டு நகராமல் இருப்பாள் அல்லவா, அதே மாதிரி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரித்தவர் அடங்கினார். ஒலி முகம்மது மெதுவாக, “ஐலண்ட்,” என்றார். “ஐலண்ட்,” என்று திருத்திக்கொண்டு மேலே வாசித்தாள். பத்தி முழுவதும் வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். மேசைக்கடியில் அவள் கால் தையல் மிஷின் மிதிப்பது போல ஆடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த என் காலை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

வெளியே வந்தபோது ஆம்ப்ரோஸ் தாழ்வாரத்துத் தூணருகில் நின்றிருந்தார். தலை நனைந்திருந்தது. “கேட்டுச்சு,” என்றார். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு குடை சில நாள் மேசை மேல் இருந்தது, சில நாள் கீழே இருந்தது. கீழே இருந்த நாள்களிலும் அவள் கை சில்லிட்டுத்தான் இருக்கும். நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

பரீட்சை வேறு இடத்தில் நடந்தது. பெரிய ஹால். தள்ளித் தள்ளி மேசைகள். ஆம்ப்ரோஸுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. என்னையும் அவளையும் வேறு வேறு வரிசையில் உட்கார வைத்தார்கள். இங்கிலீஷ் தாள் கொடுத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பார்க்கிறேன், பிரிஜட் கையைத் தூக்கியிருக்கிறாள். முகம் வெளுத்துப்போயிருக்கிறது. கண்காணிக்க வந்த அம்மா பக்கத்தில் போனார். இருவரும் ஏதோ பேசினார்கள். பிரிஜட் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

எனக்கு எழுத ஓடவில்லை. போய்விட்டாள், இந்தத் தடவையும் போய்விட்டாள் என்று மனசு அடித்துக்கொண்டது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா என்னை முறைத்தார். குனிந்து நாலு வார்த்தை எழுதிவிட்டு நிமிர்ந்தேன். பிரிஜட் வந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் தண்ணீர், முந்தானை நனைந்து தோளில் ஒட்டியிருந்தது. தன் இடத்தில் உட்கார்ந்து பேனாவை எடுத்தாள்.

முடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். “அந்தம்மாகிட்ட என்ன சொன்ன?”

“டீச்சர், ஐ கோ அவுட்சைட், ஐ கம் பேக் அப்படின்னேன். சரின்னுட்டாங்க. கேட்டா விடுவாங்கன்னே எனக்குத் தெரியாதுடி. சின்னப்புள்ளையில யாரும் சொல்லலை.”

“உண்மையைச் சொல்லு. வீட்டுக்குப் போயிரலாம்னு தோணலையா?”

“தோணுச்சு. குழாய்கிட்ட நின்னு பாத்தா கேட் திறந்து கிடக்குது. யாரு தடுக்கப் போறா?” முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். “ஆனா மூணாவது கேள்விக்கு எனக்கு விடை தெரியும். தெரிஞ்சுக்கிட்டு எப்படிப் போறது?”

இங்கிலீஷில் அவள் பாஸ். கணக்கில் பெயில். எனக்கு இரண்டும் கிடைத்துவிட்டது. என்னைத் தேற்றுகிற மாதிரி அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள், பெயிலானது நான் என்பது போல. அன்று ஆம்ப்ரோஸ் எல்லோருக்கும் கறி அடைத்த முர்தபா ரொட்டி வாங்கிக் கொடுத்தார். காவல் பெரியவருக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். அதற்குள் இருவரும் நல்ல சிநேகிதர்கள்.

கணக்கை அவள் திரும்ப எழுதி முடிக்க மேலும் ஒரு வருஷம் ஆயிற்று. அந்த வகுப்புகளுக்கு நான் இல்லை, தனியாகத்தான் போனாள். ஆம்ப்ரோஸும் மழைக்காலம் முடிந்ததும் வருவதை நிறுத்திக்கொண்டார். அவள்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், கொசு கடித்து ரூபிக்குக் காலெல்லாம் தடிப்பு என்று. செக்கிங் பிரிவுக்கு நான் முதலில் போனேன், அவள் பின்னால் வந்தாள். அவள் வந்த பிறகு அந்த அறையிலும் யாரும் அமைதியாக வேலை பார்க்க முடியவில்லை.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. மாதாந்தரக் கூட்டத்தில் எழுந்து ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் முதல் நாளே அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் கூட்டத்துக்கு வராமல் இருந்ததில்லை. ஒரு தடவை நடுவில் எழுந்து வெளியே போய்விட்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தாள். மேலாளருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

எண்பத்து ஆறில் எங்களுக்கு ஜூரோங் வெஸ்ட்டில் வீடு கிடைத்து நான் மாறிவிட்டேன். தொழிற்சாலைக்கு நடந்தே போகலாம் என்பதால் கம்பெனி பஸ் எனக்கு இல்லாமல் போனது. கொஞ்ச நாளில் பிரிஜட்டும் டவுனிலேயே ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் டெலிபோனில்தான்.

ஒருநாள் கூப்பிட்டாள். அடுத்த கட்ட வகுப்பில், செகண்டரி பாடத்துக்குச் சேர்ந்திருக்கிறாளாம். வகுப்பில் அவள்தான் வயதில் பெரியவளாம். புது டீச்சர் கொஞ்சம் கடுமையானவராம்.

“இன்னும் பயமா இருக்கா பிரிஜட்டு?” என்று கேட்டேன்.

“இருக்கு லா. இன்னைக்குக் காலையிலகூட ரெண்டு தடவை பாத்ரூம் போயிட்டு வந்தேன்,” என்றாள், மழை பெய்கிறது என்று சொல்வது போல. “அது பாட்டுக்கு இருக்கு. நான் பாட்டுக்குப் போறேன்.”

சொல்லிவிட்டு, உங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டாள். நான் சொல்வதற்குள், தேக்காவில் அன்று மீன் விற்ற விலையையும், அதற்கு அவள் கேட்ட கேள்வியையும், மீன்காரன் சொன்ன பதிலையும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.